அசோகரோட அப்பாவும் என் அப்பாவும்

‘காதலிக்க நேரமில்லை’ பார்த்திருக்கீங்களா? 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். தாத்தா காலத்துப் படம்னு தள்ளிடாதீங்க. போன மாசம் ஹாஸ்டல்ல ஒரே லேப்டாப்பைச் சுத்தி எட்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற இடத்துல ரூமே அதிர்ந்தது. ஆனா வேற ஒரு இடத்துல எனக்கு மட்டும் சிரிப்பு நின்னுபோச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுறேன். (இங்கிலீஷ் மீடியம் பையன். பிழை இருந்தா மன்னிச்சுடுங்க.)

கதை சிம்பிள். பணக்காரர் விஸ்வநாதனுக்கு, அதாவது பாலையாவுக்கு, மாப்பிள்ளைகள் பணக்காரங்களா இருக்கணும். அவர் பொண்ணைக் காதலிக்கிற அசோகன்கிட்ட காசு இல்லை. ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். கோடீஸ்வரர் சிதம்பரத்தோட மகன்னு அசோகன் பொய் சொல்றான். அந்தச் சிதம்பரமா வேஷம் போட்டு வர்றது அவன் நண்பன், முத்துராமன். பணம் இருக்குன்னு தெரிஞ்சதும் பாலையா வாயில அசோகன் ‘அசோகர்’ ஆயிடுறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. அந்த ஒரு ‘ர்’ கிடைக்கணும்னு நானும் பொய் சொன்னவன்.

ஃபர்ஸ்ட் இயர்ல அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. “இறால் எக்ஸ்போர்ட்”னு சொன்னேன். ஊர் சிதம்பரம்னு சொன்னேன். உண்மையில எங்க வீடு கிள்ளை பக்கம். அப்பா பிச்சாவரத்துல டூரிஸ்ட்டுகளுக்குத் துடுப்பு போடுறவர்.

தேர்ட் இயர்ல ஃப்ரெண்ட்ஸ் பிச்சாவரம் போகணும்னு நின்னாங்க. அப்பாவுக்கு அன்னைக்கு வேலை இல்லைன்னு நினைச்சு ஒத்துக்கிட்டேன். டிக்கெட் எடுத்து வரிசையில நின்னோம். எங்களுக்கு வந்தது அப்பா போட்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், “அண்ணா, போலாமா?”

பெத்த அப்பாவை அண்ணான்னு கூப்பிட்டேன். அவர் ஒரு செகண்ட் நின்னார். அப்புறம், “வாங்க தம்பி, பார்த்து ஏறுங்க”ன்னு கை கொடுத்தார். லைஃப் ஜாக்கெட்டோட வாரை எனக்கும் மாட்டிவிட்டார், முகத்தைப் பார்க்காம.

கால்வாய்க்குள்ள போனதும் சுரபுன்னை வேரெல்லாம் ரெண்டு பக்கமும் தலைக்கு மேல வளைஞ்சு நின்னுச்சு. “இதயக்கனி ஷூட்டிங் இங்கதான்மா எடுத்தாங்க”ன்னு அப்பா எல்லாருக்கும் சொல்ற மாதிரியே சொல்லிட்டு வந்தார். எங்க கூட வந்த ஒருத்தி, அவ முன்னாடி நான் அசோகரா இருக்கணும்னு ஆசைப்பட்டவ, அவர்கிட்ட கேட்டா: “உங்க பசங்க என்ன பண்றாங்கண்ணா?”

“ஒரு பையன்மா. இன்ஜினியரிங் படிக்கிறான்.”

“எந்தக் காலேஜ்?”

“பேரு வாயில நுழையாதும்மா.”

லோன் ஃபார்ம்ல அந்தப் பேருக்குக் கீழே நாலு இடத்துல கையெழுத்துப் போட்டவர் அவர்.

படத்துல அப்பா இல்லாத ஒருத்தர் அப்பாவா நடிச்சார். எங்க போட்டுல என் அப்பா, அப்பா இல்லாத மாதிரி நடிச்சார். ஒத்திகைகூட இல்லை. இறங்கும்போது ஃப்ரெண்ட் ஒருத்தன் அவர் கையில நூறு ரூபாய் டிப்ஸ் வெச்சான். அதையும் வாங்கிக்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரி போன்ல கேட்டார், “பசங்க நல்லா என்ஜாய் பண்ணாங்களாடா?” அவ்வளவுதான். நான் ஸாரிகூட சொல்லலை.

இப்ப ஏன் இதெல்லாம்னு கேட்கலாம். எனக்கு ப்ளேஸ்மென்ட் கிடைச்சிருக்கு. உடனே அத்தை ஒருத்தங்க வீட்டுக்கு வந்து, “இனி பெரிய இடமாவே பார்க்கலாம். அப்பா தொழிலை மட்டும் பிசினஸ்னு போட்டுக்குவோம்”னு சொல்லியிருக்காங்க. வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்தாச்சு. படம் வந்தும் அறுபது வருஷம் தாண்டியாச்சு. பாலையா இன்னும் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கார். அப்பா அதுக்கும் தலையாட்டினாராம்.

அதனாலதான் எழுதுறேன். அன்னைக்கு வந்த அஞ்சு பேரும் இந்த இதழைப் படிப்பீங்கன்னு தெரியும். அந்த போட்டுக்காரர் என் அப்பா. செமஸ்டர் லீவுல இன்னொரு தடவை பிச்சாவரம் போலாம், வாங்க. இந்தத் தடவை நான் அவரை என்னன்னு கூப்பிடுறேன்னு பாருங்க.