கூச்சக்காரப் பெண்

எங்கள் பேத்திக்குப் பத்து வயது. பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டால் வெகு அழகாகப் பாடுவாள். யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் போதும். பாட்டு பாதியில் நின்றுவிடும், பாடகி கதவுக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். போன வாரம் எதிர் வீட்டு மாமி எப்படியோ அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டாள். "டி.வி.யில் குழந்தைகள் பாட்டுப் போட்டி நடக்கிறதே, இவளை அனுப்பக் கூடாதோ? கூச்சமும் போய்விடும், பேரும் வரும்" என்று என் மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான்.

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அத்தை?" என்று மருமகள் கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எப்போதோ படித்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் கதைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவள் பெயர் அனெட் ஃபுனிசெல்லோ. 1942-ம் வருஷம் நியூயார்க் மாகாணத்தில் யூடிகா என்ற ஊரில் பிறந்தாள். இத்தாலிய வம்சத்துக் குடும்பம். தகப்பனார் மோட்டார் மெக்கானிக். குழந்தைக்கு நாலு வயதானபோது குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடி போயிற்று. குழந்தையோ மகாக் கூச்சக்காரி. அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்காகத்தான் அவளை நடனமும் சங்கீதமும் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பார்த்தீர்களா? எந்த தேசமானால் என்ன, பெற்றவர்களின் யோசனை ஒரே மாதிரிதான் போகிறது!

1955-ம் வருஷம் பர்பாங்க் என்ற ஊரில், ஒரு திறந்தவெளி அரங்கில், அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் அன்னப்பறவை அரசியாக நடனம் ஆடினாள். சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸை உலகத்துக்குத் தந்த மகானுபாவர்தான்! அப்போது அவர் டெலிவிஷனில் குழந்தைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி தொடங்குவதற்காக ஆடவும் பாடவும் தெரிந்த சிறுவர் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இருபத்து நாலு குழந்தைகளில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவள் அனெட்.

அந்த வருஷம் அக்டோபர் 3-ந் தேதி 'மிக்கி மவுஸ் கிளப்' ஆரம்பமாயிற்று. தலையில் எலிக் காது வைத்த தொப்பி, மார்பில் பெயர் எழுதிய சட்டை, முகத்தில் மாறாத புன்னகை. இதுதான் அந்தக் குழந்தைகளின் வேஷம். கடைசியாக வந்தவளுக்குத்தான் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. தன் குடும்பப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லையே, சுலபமாக வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று அனெட் கேட்டாளாம். டிஸ்னி சம்மதிக்கவில்லை. ஒரு தடவை சொல்லப் பழகிவிட்டால் ஜனங்கள் அதை மறக்கவே மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் பலித்தது.

பிறகு பாட்டு வந்தது. அதுவும் அவள் தேடிப் போனதல்ல. 1958-ல் அவள் பெயரிலேயே ஒரு தொடர்கதை அந்த நிகழ்ச்சியில் வந்தது. அதில் ஒரு காட்சியில் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். "அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும்?" என்று மறுபடியும் கடித மழை! உடனே இசைத்தட்டு போட ஒப்பந்தம் எழுதினார்கள். அவளுக்கோ அதில் அவ்வளவு இஷ்டமில்லை. தன் குரல் மெல்லியது என்று அவளுக்கே தெரியும். அதற்கும் கம்பெனியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவள் பாடியதன் மேலேயே அவளை இன்னொரு தடவை பாடச் சொல்லி, இரண்டையும் ஒன்றாக இணைத்து, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்தார்கள். மெல்லிய குரல் நிறைந்த குரலாகிவிட்டது! 1959-ல் வந்த 'டால் பால்' என்ற பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏழாவது இடம் வரை ஏறிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அவள் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்ட காலம் அது. பால் ஆன்கா என்ற இளம் பாடகர் அவளை நினைத்தே ஒரு காதல் பாட்டு எழுதிப் பிரசித்தி பெற்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

இத்தனைக்கும் நடுவில் அந்தக் கூச்சம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? எங்கேயும் போகவில்லை. அவளோடுதான் இருந்தது. ஜனங்கள் சூழ்ந்துகொண்டால் அவளுக்குத் தவிப்பு. மனோதத்துவ நிபுணர் ஒருவரைப் பார்த்து யோசனை கேட்கலாமா என்று டிஸ்னியிடமே கேட்டாள். அவர் அவளிடம் தகப்பனாரைப் போல வாஞ்சை உள்ளவர். கெடுதல் நினைத்தவர் அல்ல. ஆனால் அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? அந்தக் கூச்சம்தான் ஜனங்களை உன்னிடம் இழுக்கிறது, அதைப் போக்கிக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

எதைப் போக்குவதற்காகத் தாயும் தகப்பனும் அவளை நடன வகுப்புக்கு அனுப்பினார்களோ, அதுவே இப்போது விலை போகும் சரக்காகிவிட்டது. குழந்தை தன் மனசில் உள்ளதை வாய் திறந்து சொன்னாள். பெரியவர்கள் அதையும் ஓர் அழகாக எடுத்துக்கொண்டார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசை என்னவோ செய்கிறது.

அப்புறம் 1963 முதல் ஃபிராங்கி அவலானுடன் கடற்கரைப் படங்கள். 1965-ல் கல்யாணம், மூன்று குழந்தைகள். ஸினிமாவைக் குறைத்துக்கொண்டு வீட்டைக் கவனித்தாள். வேர்க்கடலை வெண்ணெய் விளம்பரத்தில் குடும்பத் தாயாராகத் தோன்றியபோதும் அதே புன்னகைதான். முதல் கல்யாணம் 1981-ல் முறிந்தது. 1986-ல் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டாள்.

1987-ல் பழைய ஜோடி மறுபடியும் ஒரு கடற்கரைப் படத்தில் நடித்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் கால்கள் தடுமாற ஆரம்பித்தன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள் டாக்டர்கள். மின்சாரக் கம்பிக்கு மேலுறை இருப்பது போல் நம் நரம்புகளுக்கும் உண்டு. நம்மைக் காக்க வேண்டிய உடம்பின் சக்தியே அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. நடை, பார்வை, பேச்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடலாம். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. நோயின் போக்கைத் தணிக்கும் முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1993-ல்தான். இன்று பல மருந்துகள் உண்டு. அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

அனெட் வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே ஐந்து வருஷம் மறைத்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய வித்தை அல்லவா அது? ஆனால் கால் சொன்னபடி கேட்குமா? அவள் தள்ளாடி நடப்பதைப் பார்த்தவர்கள் அவள் குடிக்கிறாள் என்று வதந்தி கிளப்பினார்கள். நோயாளிக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? கடைசியில் 1992-ல் அவளே உண்மையைச் சொல்லிவிட்டாள்.

சொன்னால் அபிமானிகள் போய்விடுவார்கள் என்று பயந்திருப்பாளோ என்னவோ! ஆனால் யாரும் போகவில்லை. 1993-ல் நரம்பு நோய்களின் ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தினாள். அடுத்த வருஷம் சுயசரிதமும் வந்தது. நோய் மட்டும் இரங்கவில்லை. நடையைப் பறித்தது, பின்னால் பேச்சையும் பறித்தது. 2013-ம் வருஷம் ஏப்ரல் 8-ந் தேதி, எழுபதாவது வயதில், கலிபோர்னியாவில் காலமானாள்.

புகழ் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவள் நல்ல பெண்ணாகவே வாழ்ந்தாள். நல்லவர்கள்தான் அவளைச் சுற்றி இருந்தார்கள். ஆனாலும், 'எனக்குத் தவிப்பாக இருக்கிறது' என்று அவள் சொன்ன அன்று, 'அப்படியா, உட்கார், சொல்' என்று ஒருவர் கேட்டிருந்தால், பின்னால் வந்த அந்த ஐந்து வருஷத்தைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டாளோ என்று நினைத்துக்கொள்கிறேன். மேடைக்குக் குழந்தையின் புன்னகை வேண்டும். அந்தப் புன்னகையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தை அழுவதற்கு வீடு வேண்டாமா?

மருமகளிடம் இவ்வளவையும் சொன்னேன். "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, அத்தை?" என்றாள். "நான் யார் சொல்ல? அவளைக் கேள்" என்றேன். அன்று ராத்திரி இருவருமாகப் பேத்தியைக் கேட்டோம். அவள் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"பாட்டி, அங்கே போய்ப் பயமாக இருந்தால் பாதியில் இறங்கி வந்துவிடலாமா?"

"தாராளமாக வரலாம்."

"அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாளே?"

என் மருமகள் அவளைப் போர்வையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "மாட்டேன்டி கண்ணு" என்றாள்.

"அப்படியென்றால் யோசித்துச் சொல்கிறேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டுவிட்டது எங்கள் பெரிய மனுஷி!

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நாங்களும் அவசரப்படுத்தவில்லை. எதிர் வீட்டு மாமிக்குத்தான் பொறுக்கவில்லை!