பத்துக்கு எத்தனை போடுவீங்கள்?

முடிவெடுக்கிறதுக்கு எங்கட ஆக்களிட்ட ஏற்கெனவே முறைகள் இருக்கு. சாத்திரியாரிடம் போகலாம், கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம், இல்லாட்டி மாமா சொல்லுறதைச் செய்யலாம். மூன்றாவதுதான் கூட நடக்கிறது.

1772இல் விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, தனக்கு வந்த வேலையொன்றை ஏற்பதா விடுவதா என்று பெஞ்சமின் பிராங்கிளினிடம் கேட்டார். பிராங்கிளின் மாமா வேலை பார்க்கவில்லை. முடிவெடுக்கும் முறையை மட்டும் எழுதி அனுப்பினார். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நாலு நாள் தோன்றத் தோன்ற எழுது. பிறகு எடையில் சமமானவற்றை இரண்டு பக்கமும் வெட்டு. மிஞ்சுவதைப் பார். அந்த மூன்று நாலு நாள்தான் எங்களுக்குப் பிடித்தது. கோபத்தில் ஒரு பக்கமும் ஆசையில் மறுபக்கமும் நிரம்ப அவ்வளவு நாள் வேணும்.

நாங்கள் மூன்று பேர். ரீசேட்டும் கப்பும் அச்சடிக்கிறம். திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட, ஒரு கடை வாடகைக்கு வந்தது. மூன்று வருட ஒப்பந்தம், முற்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகவேணும். இல்லாட்டி இப்ப மாதிரியே வீட்டு விறாந்தை.

எண் போட்டுப் பார்த்தம். வாடிக்கையாளர் வருகைக்கு முக்கியத்துவம் 10, மாதச் செலவுக்கு 5, சரிவராவிட்டால் கழன்றுகொள்ளும் வசதிக்கு 3. கடைக்கு 9, 4, 2 என்று புள்ளி. விறாந்தைக்கு 4, 9, 9. பெருக்கிக் கூட்டினால் கடை 116, விறாந்தை 112. கடை எடுக்கலாம் போல இருந்தது.

மூன்றாமவன் மட்டும் கடைசி விசயத்துக்கு 3 காணாது, 10 போடவேணும் என்று நின்றான். போட்டால் 130க்கு 175, விறாந்தைதான். ஏன்டா இவ்வளவு என்று கேட்டம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கனடாவுக்கு விசா போட்டிருக்கிறன் என்றான்.

மாதக்கணக்காக ஒன்றாகத் தேத்தண்ணி குடிச்சும் வராத கதை, ஒரு எண்ணுக்குச் சண்டை பிடிச்சதில் வந்தது. 116ஆ 175ஆ என்பதை அதுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. உண்மையில் இந்த அட்டவணைகளில் கூட்டுத்தொகை பெரிய விசயமில்லை. யார் எதுக்கு எத்தனை போடுகிறார்கள் என்பதைத்தான் வடிவாகப் பார்க்கவேணும். அதால ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதுங்கோ.

கடையை விட்டுட்டம். சங்கிலி அம்மாவின் கழுத்தில்தான் இருக்கு. ஆனால் விறாந்தைத் தொழிலும் படுக்கலாம் அல்லவா? உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன இன்னொரு முறை இருக்கு. ஒரு வருடத்துக்குப் பிறகு எல்லாம் படுத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் படுத்தது என்று ஒவ்வொருவரும் எழுதவேணும். பயந்தாங்கொள்ளி என்ற பேர் வராமல் பயத்தைச் சொல்ல இது நல்ல வழி. ஒருத்தர் கரண்ட் கட் என்று எழுதினார். இன்னொருத்தர் கம்பஸ் லீவு. மூன்றாமவன் எழுதினது, "டிசைன் செய்ய ஆளில்லை."

இப்ப பின்னேரங்களில் எங்கள் இரண்டு பேருக்கும் அவன் டிசைன் பழக்குகிறான். விசா இன்னும் வரவில்லை.