தேத்தாங்கொட்டையும் ஆற்றுமணலும்

எங்கள் ஊரில் குடிதண்ணீருக்கு இரண்டு காலம் இருந்தது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடினால் கலங்கல் காலம். அணையை மூடி, ஆறு வற்றி, மணல் வெளுத்துக் கிடந்தால் ஊற்றுக் காலம். நாள்காட்டியில் ஜூன் 12 என்றும் ஜனவரி 28 என்றும் போட்டிருப்பார்கள். வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தேதிகள் வேறு விதமாகத் தெரியும். எப்போது துணியும் கொட்டையும் எடுத்து வைக்க வேண்டும், எப்போது கொட்டாங்கச்சி எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

கண்டியூருக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் ஊர். எழுபதுகளில் நான் பாவாடை கட்டித் திரிந்த சிறுமி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பிரித்துவிட்ட பிறகு, காவிரியிலிருந்து பிரிந்து எங்கள் ஆற்றுக்குள் நுழையும். மேற்கே யாராவது பார்த்துவிட்டு வந்து சொன்னால் போதும், பள்ளிக்கூடமே கரையில் நிற்கும். முன்தண்ணீர் வேகமாக வராது. காய்ந்த மணல் அதைச் சத்தம் போட்டுக் குடிக்கும். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். சருகும் நுரையும் வறட்டிச் சாணமும் முன்னால் உருண்டு வர, பின்னால் செம்பழுப்பாகத் தண்ணீர். நாங்கள் அதற்கு முன்னால் மணலில் ஓடுவோம். பெரியவர்கள் பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுவார்கள்.

அப்பா குனிந்து ஒரு கை அள்ளி, விரல் இடுக்கில் வடியவிட்டு, உள்ளங்கையில் தங்கியதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். "நல்ல வண்டல்" என்பார். அவருக்கு முந்திய தலைமுறைக்கு அந்த வண்டல் இன்னும் தாராளமாகக் கிடைத்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின், மேலேயிருந்து ஆறு அடித்துவரும் மண்ணில் பெரும்பகுதி அந்த நீர்த்தேக்கத்தின் அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஓடுகிற தண்ணீரை நிறுத்தினால் மண் கீழே போகும். குடத்துக்கும் அதே விதி, அணைக்கும் அதே விதி. மேட்டூருக்குக் கீழே ஆறு புரட்டிக்கொண்டு வருவதும், வழியில் சேரும் ஆறுகள் கொண்டுவருவதும்தான் எங்கள் பங்குக்கு வந்தது.

வயலுக்கு அது சாமி கொடுத்த எரு. குடத்துக்கு ஆகாது. கொல்லைக் கிணறு இருந்தது, ஆனால் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆகவே ஆற்றுத் தண்ணீர்தான் குடிக்க, உலை வைக்க. அப்பாயி விடியலில், எருமைகள் ஆற்றில் இறங்குமுன் போய்விடுவாள். பித்தளைக் குடத்தின் வாயில் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டி, செம்பால் மொண்டு ஊற்றுவாள். சருகும் புழுவும் துணியில் நிற்கும். நிறம் மட்டும் அப்படியே இறங்கிவிடும்.

வீட்டில் அடுப்படிக்கு வெளியே பெரிய மண்பானை. அதில் ஊற்றியதும் கரகரவென்று மணல் முதலில் அடங்கும். உச்சிப்பொழுதுக்குள் வண்டலில் பாதி இறங்கும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. மறுநாள் பார்த்தாலும் பானைத் தண்ணீர் மங்கலாகவே நிற்கும். பிறகுதான் அப்பாயி அலமாரி மேல்தட்டிலிருந்து தேத்தாங்கொட்டை டப்பாவை இறக்குவாள்.

தஞ்சாவூர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் சரக்கு அது. தேற்றா மரத்தின் விதை. சுண்டைக்காய் அளவு, மங்கிய மஞ்சள், பல்லுக்கு அசையாத கெட்டி. சொரசொரப்பான கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, கொட்டையை வட்டமாக உரசுவாள். வெள்ளையாக ஒரு விழுது வரும். அதை வழித்துப் பானையில் விட்டு, முழங்கை வரை கையை விட்டு விறுவிறுவென்று சுழற்றுவாள். சற்றுநேரத்தில் வேகத்தைக் குறைப்பாள். பிறகு ஒரு விரலால் மட்டும், தண்ணீருக்கே தெரியாததுபோல மெல்ல மெல்லச் சுற்றுவாள். கையை எடுத்ததும் தட்டால் மூடி, "இனி யாரும் கிட்டப் போவக்கூடாது. ஏ புள்ள, உனக்குத்தான் சொல்றேன்" என்பாள்.

எனக்காக ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் மொண்டு திண்ணையில் வைப்பாள். வெயில் அதன் வழியாக விழும்போது எல்லாம் தெரியும். ஒரேசீராக மங்கலாயிருந்த தண்ணீருக்குள், பால் திரிவது மாதிரி, கண்ணுக்குத் தெரியாத பொடி எல்லாம் சின்னச் சின்னத் துணுக்காகக் கூடும். துணுக்கோடு துணுக்கு ஒட்டும். ஒட்டியது கனத்து இறங்கும். இடையில் தெளிந்த தண்ணீர் பட்டை பட்டையாகத் தெரியும். சாயங்காலத்துக்குள் தம்ளர் அடியில் விரல் கனத்துக்குக் களி, மேலே தெளிவு. அப்பாயி பானையை ஆட்டாமல் மேல்தண்ணீரை மட்டும் மொண்டு குடிக்கும் பானைக்கு மாற்றுவாள். அடிவண்டல் வாழைக்குப் போகும்.

அளவு மிக முக்கியம். அம்மா அதிகமாக உரசினால் அப்பாயி கோபித்துக்கொள்வாள். கொட்டை கூடினால் தண்ணீரில் வாடை வரும், மறுநாளைக்கு நிற்காது. ஆற்றின் நிறத்தைப் பார்த்தே இன்று எத்தனை சுற்று உரச வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். ஆடிப்பெருக்கன்று நாங்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகும்போதும் தண்ணீர் செம்மையாகவே இருக்கும். ஐப்பசி மழை வெள்ளத்தில் இன்னும் மோசம். அப்போது கொட்டை போதாது, படிகாரக் கட்டியை நூலில் கட்டிப் பானைக்குள் சுற்றுவாள்.

இந்தப் பழக்கம் எவ்வளவு பழையது என்பது கல்லூரிக்குப் போனபின் தெரிந்தது. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் கலங்கிய பெண் காதலன் வந்ததும் தெளிகிறாள். தேற்றாவின் விதையால் கலங்கல் நீர் தெளிவது அங்கே உவமையாக வருகிறது. உவமை என்றால் கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்த காரியமாக இருக்க வேண்டும். எங்கள் அடுப்படி வாசலில் நடந்ததை அந்தக் காலத்து வீடுகளும் செய்திருக்கின்றன என்று நினைத்தபோது வகுப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பானைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. ஒரு நகராட்சியின் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக விளக்குவார். "பாப்பா, மணல் கனம், உடனே போயிடும். வண்டல் கொஞ்சம் மெதுவா. களிமண்ணுதான் படுத்தும்." பிற்பாடு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள நுண்மணலுக்குச் சுமார் 2 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கான வண்டல் துகளுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். இன்னும் பத்தில் ஒரு பங்கான களித்துகளுக்குப் பன்னிரண்டு நாளுக்கு மேல். அதுவும் தண்ணீர் துளிகூட அலையாமல் நின்றால்தான்.

அது தானாக ஒன்றுசேரவும் செய்யாது. ஒவ்வொரு களித்துகளின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் நேர்மின்னூட்டத்தோடு வந்து அந்தத் தள்ளலைத் தணிக்கிறது, பிறகு தண்ணீரோடு சேர்ந்து பஞ்சுத் திரளாகி எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு கீழே போகிறது. தேத்தாங்கொட்டையின் வழி வேறு. அதிலிருக்கும் நீளச் சங்கிலியான சர்க்கரைப் பொருள்கள் துகளுக்கும் துகளுக்கும் நடுவே பாலம் போட்டுப் பிணைக்கின்றன.

மாமா வேலை பார்த்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். ஆய்வறையில் ஒரே வரிசையில் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு. ஒவ்வொரு குவளைக்கும் படிகார அளவு வேறு. விசையைப் போட்டதும் எல்லாத் துடுப்பும் வேகமாகச் சுழன்றன. கொஞ்சநேரத்தில் வேகத்தைக் குறைத்தார், பிறகு நிறுத்திவிட்டார். எந்தக் குவளை நன்றாகத் தெளிகிறதோ அதுதான் அன்றைய அளவு. ஜார் டெஸ்ட் என்று பெயர் சொன்னார். நான் துடுப்புகளைப் பார்க்கவில்லை, அப்பாயியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வேகம், மருந்து எல்லா இடத்துக்கும் போய்ச்சேர. பிறகு மெதுவு, சேர்ந்த திரள் உடையாமல் வளர. பிறகு நிறுத்தம். அளவு கூடினால் கெடும் என்பதும் அங்கே இருந்தது. படிகாரம் அதிகமானால் துகள்களின் மின்னூட்டம் மறுபக்கம் திரும்பி, தண்ணீர் மறுபடி கலங்கவும் கூடும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி அந்த ஆய்வறையில் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊர் அளவில் இதை யோசித்தவர்களும் தஞ்சாவூரில் இருந்திருக்கிறார்கள். சேவப்பநாயக்கன் ஏரியில் மழைத் தண்ணீரைச் சேர்த்து, மண் அங்கேயே படிந்தபின் தெளிந்த நீரைச் சிவகங்கைக் குளத்துக்கு விட்டு, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்களில் அரண்மனைக்கும் அய்யன்குளம் போன்ற ஊர்க்குளங்களுக்கும் கொண்டுபோனார்கள். சிவகங்கைப் பூங்காவுக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

படிய வைப்பதும் திரள வைப்பதும் நாங்கள் செய்தது. வடிகட்டுவதை ஆறே செய்தது. மாசி பிறந்தால் ஓட்டம் நின்றுவிடும். அங்கங்கே குட்டை தேங்கிப் பிறகு அதுவும் போகும். அப்போது நடு ஆற்றில் மணலைக் கையால் பறிப்போம். முழங்கால் ஆழத்தில் ஈரம், இடுப்பளவில் தண்ணீர். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓரங்களிலிருந்து மணல் நடுவே கசிந்து கசிந்து ஊறும் தண்ணீரில் அடிமணல் ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்கள். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஊர்க்கதை. ஆறேழு பெண்கள், ஆளுக்கோர் ஊற்று. ஒருத்தி ஊற்றில் மற்றவள் கை வைக்க மாட்டாள், ஆனால் முடியாதவளுக்கு ஒரு குடம் நிரப்பிக் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரின் ருசியைச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. கொட்டையும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

ஆனாலும் அம்மா கொதிக்க வைத்துத்தான் கொடுப்பாள். காலரா கண்ட ஊர் எங்களுடையது. கண்ணுக்குத் தெளிந்தது வயிற்றுக்கும் தெளிந்தது என்று நம்பக் கூடாது என்பதை மாமாவும் விடாமல் சொல்வார். தெளிய வைத்த தண்ணீரிலும் கிருமி இருக்கும், அதற்குக் குளோரின் வேண்டும் அல்லது நெருப்பு வேண்டும். அதேசமயம் மணல் செய்யும் வேலையையும் குறைத்து நினைக்கக் கூடாது. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தது. காலராவில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதே ஆற்றில் இன்னும் கீழே, ஹாம்பர்க்கின் கழிவும் கலந்த தண்ணீரை எடுத்த அல்டோனா, அதை மணல் படுகையில் வடித்துக் குடித்ததால் பெரும்பாலும் தப்பித்தது. மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒரு மெல்லிய தோல் உண்டாகிறது. மெதுவாக வடியும் படுகையில் கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் அந்தத் தோலுக்குப் பெரிய பங்கு. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914இல் தொடங்கிய நீரேற்று நிலையத்திலும் இப்படிப்பட்ட படுகைகள்தான் போட்டார்கள்.

இப்போது எங்கள் தண்ணீர் வெகுதூரம் போகிறது. கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் காவிரி நீர், 2004 முதல் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, நாளைக்கு 18 கோடி லிட்டர் அளவில் சென்னைக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்கள். போகட்டும், தாகத்துக்கு ஊர் கிடையாது. வேதாரண்யம் பக்கத்துக்குக் கொள்ளிடத்திலிருந்தும், ராமநாதபுரத்துக்குத் திருச்சிக் காவிரியிலிருந்தும் கூட்டுக்குடிநீர் போகிறது. இப்படி ஆற்றுப் படுகையில் கிணறு இறக்கி எடுக்கும் தண்ணீரை முதலில் வடித்துக் கொடுப்பது மணல்தான். எங்கள் பெண்கள் பறித்த ஊற்றை ஆழமாக்கிக் குழாய் பொருத்தினால் அந்தக் கிணறு.

அந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். எங்கள் ஊற்றுத் துறையில் இன்றைக்குக் கோரையும் கருவேலமும். மண்வெட்டி போட்டால் களி வருகிறது. களி தண்ணீரை வடிக்காது. போன வருஷம் கிராமசபையில் எழுந்து இதைச் சொன்னேன். ஓர் இளைஞர், "அதான் வீட்டுக்கு வீடு மெஷின் வந்துருச்சே, அக்கா" என்றார். மெஷினுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து என்றார். நிலையத்தின் வடிகட்டித் தொட்டிக்குள் மாமா என்னை எட்டிப்பார்க்கச் சொன்னதைச் சொன்னேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் சலித்துக் கழுவி, ஒரே அளவாகப் பொறுக்கிய மணல். அந்த மணலையும் ஓர் ஆற்றிலிருந்துதான் கொண்டுவந்திருந்தார்கள்.