ஐம்பது பைசா பார்ட் வராத நாள்

இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், வாசலில் இருக்கும் காலிங் பெல்... எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு போர்டு இருக்கும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐ.சி என்று சின்னச் சின்ன பார்ட்ஸ் அதில் ஒட்டியிருக்கும். சில கெப்பாசிட்டர்கள் அரிசி மணியைவிடச் சின்னவை. விலை ஐம்பது பைசாகூட இருக்காது. ஆனால், ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லாமல் சமாளிப்பதுபோல இங்கே சமாளிக்க முடியாது. நூறு பார்ட்ஸில் 99 வந்து ஒன்று வரவில்லை என்றாலும் போர்டு முடியாது, வேலை நின்றுவிடும்.

வேலை நின்றால் முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? ஓவர்டைமை நம்பிச் சீட்டு கட்டுகிறவர்களுக்கும்தான். சின்ன கம்பெனியாக இருந்தால், அந்த மாதச் சம்பளமே தள்ளிப்போகலாம். அதனால்தான் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவருக்குத் தூக்கத்திலும் ஒரு போன் நம்பர் மறக்காது. அது டிஸ்ட்ரிபியூட்டரின் நம்பர்.

‘ஐ.சி தயாரிக்கும் கம்பெனியிடமே வாங்கிவிட வேண்டியதுதானே, நடுவில் எதற்கு ஒருவர்?’ என்று தோன்றும். லட்சக்கணக்கில் வாங்கும் பெரிய நிறுவனங்கள் அப்படி நேரடியாகப் பேசலாம். மாதம் ஐந்நூறு போர்டு செய்கிறவருக்கு அந்தக் கதவு திறக்காது. கெப்பாசிட்டர் வருவதே சினிமா ஃபிலிம் சுருள்போல ரீலில்தான். அரிசி மணி அளவு கெப்பாசிட்டர் ஒரு ரீலில் 4,000 வரை இருக்கும். ஒரே போர்டுக்கு ஐம்பது வகைப் பொருள்கள், பல நாட்டுத் தயாரிப்புகள். ஒவ்வொன்றையும் தேடி யார் அலைவது?

அங்கேதான் டிஸ்ட்ரிபியூட்டர் வருகிறார். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையாக வாங்கி, கிலோவாகத் தருவார். ‘நோட்ல எழுதிக்குங்க அண்ணாச்சி’ என்றால் எழுதிக்கொள்வார். டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படித்தான். குடோனில் சரக்கு வைத்திருப்பார். தேவையான அளவுக்கு ரீலை வெட்டியும் தருவார். 30 நாள், 60 நாள் கடன் கொடுப்பார். ‘இந்த ஐ.சி-க்குப் பதில் அதைப் போடுங்கள், விலையும் குறையும், சுலபமாகவும் கிடைக்கும்’ என்று டிசைன் செய்யும்போதே சொல்ல இன்ஜினீயர்களையும் வைத்திருப்பார்.

இந்தத் தொழிலுக்கு நூறு வயது. நியூயார்க்கில் கோர்ட்லண்ட் தெருவைச் சுற்றி ‘ரேடியோ ரோ’ என்று ஒரு கடைவீதி இருந்தது. 1921-ல் ரஷ்யாவிலிருந்து குடியேறிய சார்லஸ் ஆவ்னெட் அங்கே ரேடியோ பார்ட்ஸ் விற்க ஆரம்பித்தார். 1935-ல் அதே பகுதியில் ‘ஏரோ ரேடியோ’ திறக்கப்பட்டது. 1966-ல் வேர்ல்டு டிரேட் சென்டர் கட்டுவதற்காக அந்த வீதியையே இடித்தார்கள். ஆனால், ஆவ்னெட், ஏரோ இரண்டும் இன்று உலகின் மிகப் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர்களில் அடக்கம். 1964-ல் கலிஃபோர்னியாவில் ஜெர்ரி மௌசர் என்ற இயற்பியல் ஆசிரியர், மாணவர்கள் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க பார்ட்ஸ் கிடைக்கவில்லையே என்று ஆரம்பித்ததுதான் இன்றைய ‘மௌசர்’ நிறுவனம். கைக்குக் கிடைக்காத சின்னப் பொருளைத் தேடிக் கொடுப்பதிலிருந்துதான் இந்த வியாபாரமே பிறந்தது.

சரக்கு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இந்த உறவின் அருமை தெரியாது. பத்து பைசா குறைவென்றால் வேறு கடைக்குப் போய்விடலாம். நெருக்கடி வரும்போதுதான் கணக்கு வெளியே வரும்.

2020-ல் லாக்டௌன் வந்ததும் கார் கம்பெனிகள் சிப் ஆர்டரை ரத்து செய்தன. வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று லேப்டாப் விற்பனை எகிற, சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. கார்களுக்கு மறுபடி கிராக்கி வந்தபோது சிப் இல்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் கடும் பனிப்புயல். கரன்ட் இல்லாமல் அங்கிருந்த சிப் ஆலைகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே ஜப்பானில் ரெனெசாஸ் ஆலையில் தீ விபத்து. சில வாரங்களில் வந்துகொண்டிருந்த சில ஐ.சி-க்களுக்கு ‘ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்’ என்று பதில் வந்தது.

பயம் வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஆயிரம் வேண்டியவர் மூன்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் தலா ஆயிரம் ஆர்டர் போடுவார். யார் முதலில் தருகிறாரோ அவரிடம் வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டையும் ரத்து செய்துவிடலாம் என்பது கணக்கு. எல்லோரும் இப்படிச் செய்தால் ஆயிரம் தேவை மூவாயிரமாகத் தெரியும். இல்லாத பஞ்சமும் பெரிதாகும். பஞ்சம் தீர்ந்த மறுநாள் மலைபோல் சரக்கு தேங்கும். இதே மாதிரி உப்பிப்போன ஆர்டர்களை நம்பிப் பொருள் சேர்த்த சிஸ்கோ நிறுவனம், 2001-ல் தேவை சரிந்தபோது 200 கோடி டாலருக்கும் மேல் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டரிடம் இல்லாத பொருள் புரோக்கரிடம் பல மடங்கு விலையில் கிடைக்கும். அதில் நல்ல சரக்கும் இருக்கும். பழைய போர்டிலிருந்து பிரித்தெடுத்து, மேலே இருக்கும் எழுத்தைத் தேய்த்து, புது நம்பர் அச்சடித்ததும் இருக்கும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அமெரிக்க ராணுவத் தளவாடங்களிலேயே இப்படி நுழைந்துவிட்டன. 2012-ல் அந்நாட்டு செனட் கமிட்டி வெளியிட்ட அறிக்கை, போலி எனச் சந்தேகிக்கப்பட்ட பார்ட்ஸ் பத்து லட்சத்துக்கும் மேல் என்றது. அங்கேயே அந்தக் கதி என்றால், சோதனைக்கூடம் இல்லாத ஒரு சின்ன கம்பெனி என்ன செய்யும்? போலி ஐ.சி போட்ட ஆயிரம் இன்வெர்ட்டர்கள் திரும்பி வந்தால், பேரும் போகும், பணமும் போகும்.

அப்படியானால் நெருக்கடியில் யாருக்குப் பொருள் கிடைக்கிறது? பெரிய ஆர்டர் கொடுப்பவருக்கு முதல் மரியாதை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால், சின்னவர்களின் வரிசையிலும் முன்னே நிற்கிறவர்கள் உண்டு. ‘அடுத்த ஆறு மாதத்துக்கு இவ்வளவு தேவைப்படும்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லி வந்தவர்கள். விற்பனை குறைந்தபோது அதையும் மறைக்காமல் சொன்னவர்கள். பத்து பைசாவுக்காகத் தாவாதவர்கள். சொன்ன தேதியில் பணம் போட்டவர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கையில் இருக்கும் 500 ஐ.சி-யை யாருக்குப் பங்கு போடுவது என்று யோசிக்கும்போது, நோட்டில் இந்தப் பெயர்கள்தான் முதலில் கண்ணில் படும்.

இது ஒருவழிப் பாதை அல்ல. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கடமை இருக்கிறது. சரக்கு வராது என்று தெரிந்தால், கடைசி நாள்வரை ‘வந்துடும் சார்’ என்று இழுக்காமல் அன்றே சொல்ல வேண்டும். ஒரு ஐ.சி-யின் தயாரிப்பை நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தால், கடைசியாக ஆர்டர் போடப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் அவகாசம் இருக்கும். அந்தச் செய்தி சின்ன வாடிக்கையாளருக்கும் நேரத்தோடு போய்ச்சேர வேண்டும். ‘போட்ட ஆர்டரை ரத்து செய்யவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது’ என்ற நிபந்தனையைப் பொடி எழுத்தில் ஒளித்துவைக்காமல், வாய்திறந்து சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் நியாயம்.

இன்று கல்லூரி முடித்ததும் ஸ்டார்ட்அப் கனவோடு போர்டு டிசைன் செய்யும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். சர்க்யூட் போடக் கற்றுத்தர நிறைய வகுப்புகள் உண்டு. டிசைன் முடிவதற்கு முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் போய் உட்கார்ந்து, ‘இந்த ஐ.சி இன்னும் ஐந்து வருஷம் கிடைக்குமா, மாற்று இருக்கிறதா?’ என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு யாராவது இப்போதே சொல்லிக்கொடுக்கலாம். அந்த ஒரு கேள்விக்குச் செலவு ஒரு டீதான்.