வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்கு

கோண்டாவில்,
ஐப்பசி.

அன்பு மகளுக்கு,

2022 தட்டுப்பாடு போல இன்னொரு காலம் வந்தால் வீட்டில் எதை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாய். மருமகனும் வாசிக்கட்டும் என்று ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

மருமகன் போட்ட பட்டியலில் டின் மீனும் ஜெனரேற்றரும்தான் பெரிதாக இருக்கின்றன. பட்டியலுக்கு முதல் வேறொன்றை யோசியுங்கள். ஒரு சாமான் நின்றால் அதோடு சேர்ந்து எதெது நிற்கும்? 2022 பங்குனிக் கடைசியில் கறண்ட் 13 மணித்தியாலம் நின்றபோது உன் சித்தி கொழும்பில் நாலாம் மாடியில் இருந்தாள். கறண்ட் இல்லை, அதனால் மோட்டர் இல்லை. மோட்டர் இல்லாததால் மேல் தாங்கியில் தண்ணீர் இல்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை, மின் அடுப்பு இருந்தும் பயனில்லை. கட்டிடத்து ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. அந்த வருஷம் ஆனி 27க்குப் பிறகு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. இரவு முழுக்க வரிசையில் நின்றவர்கள் வெறும் கானோடு திரும்பினார்கள். மருமகன் ஜெனரேற்றருக்கு நினைத்த காசை வேறு தேவைக்கு வைத்திரு பிள்ளை.

இங்கே யாழ்ப்பாணத்தில் 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடை வந்தபோது எங்கள் பயம் அரிசியைப் பற்றித்தான். அரிசி விலை ஏறினாலும் வயலும் தோட்டமும் கைகொடுத்தன. எங்களை வருத்தியது சின்னச் சாமான்கள்: சவர்க்காரம், பற்றரி, மெழுகுதிரி, மண்ணெண்ணெய். கறண்ட் போனது போனதுதான், வருஷக்கணக்காக வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் நூல்திரி கோத்து விளக்குச் செய்தோம். ஒரு கொப்பிப் பக்கத்துக்குத்தான் வெளிச்சம் காணும். அதில்தான் உன் மாமா ஏ.எல். சோதனைக்குப் படித்தார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ ஓடப் பெடலைச் சுற்றி றேடியோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம். ஒவ்வொரு வேலையும் ஊரில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது, அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதனால் சமாளித்தோம்.

உன் மாடியில் கிணறும் இல்லை, பனையும் இல்லை. ஆகவே தண்ணீர்தான் முதல். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லீற்றர் என்று கணக்குப் பார்த்து, ஒரு கிழமைக்காவது மூடிய கான்களில் வை. கழுவ வேறு வாளிகள் வேண்டும். சமையலுக்கு ஒரு சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கட்டும். அதைப் பாவிக்கும்போது யன்னலைத் திறந்து வை. மாதத்தில் ஒருநாள் அதில் சமைத்துப் பழகு. சாப்பாடு, நீங்கள் வழமையாகச் சாப்பிடுவதையே இரட்டிப்பாக வாங்கு. பழையதை முதலில் எடு, புதியதைப் பின்னால் அடுக்கு. உன் மாமியின் பிரஷர் குளிசை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடு. 2022இல் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துத் தட்டுப்பாடு இருந்ததை மறக்காதே. காசு சின்னத் தாள்களாக இருக்கட்டும். கறண்ட் இல்லாத நேரம் வங்கி அட்டையும் ஏ.ரி.எம்.மும் உதவா.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். 1995 ஐப்பசி 30 பின்னேரம் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லாரையும் உடனே வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் மழைக்குள் லட்சக்கணக்கான சனம் அடி அடியாக நகர்ந்தது. தலையில் அம்மியும் பெட்டியுமாக வந்தவர்கள் அவற்றை வழியிலேயே போட்டுவிட்டுப் போனதைக் கண்டேன். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் எடுக்காமல் வந்தவர்கள் பிறகு கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். அப்பா அவற்றைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நீயும் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பேரனின் தடுப்பூசிக் கொப்பி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் கதவடியில் ஒரே பையில் வை. பிரதிகளை எனக்கு அனுப்பு.

அன்றிரவு தென்மராட்சியில் எங்களை முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர்தான் உள்ளே எடுத்தார். கூடத்தில் எத்தனையோ குடும்பங்கள். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் உன் பெரியப்பா குடும்பத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம். அவர்கள் வீட்டு அலுமாரியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, கதவைத் திறந்தார்கள். உங்கள் மாடியில் எதிர்வீட்டு அக்காவின் பெயர் தெரியாது என்று நீ சொன்னபோது எனக்கு மனம் பதைத்தது. இந்தக் கிழமையே ஒரு தட்டில் ஏதும் கொண்டு போ. மேலே தனியாக இருக்கும் கிழவரை இறக்குவதென்றால் யார் யார் பிடிப்பது, யாரிடம் காஸ் அடுப்பு, யார் நர்ஸ் வேலை பார்க்கிறவர் என்பதெல்லாம் இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

யாழ்தேவி ரயிலில் வரும் ஆளிடம் புழுக்கொடியலும் ஒடியல்மாவும் தந்துவிடுகிறேன். ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்காக இருக்கும். உங்கள் கட்டிட வளவுக்குள் மூடின பழைய கிணறு ஏதும் கிடக்கிறதா என்று காவலாளியிடம் விசாரித்து எனக்கு எழுது. இருந்தால் இறைத்துத் துப்புரவாக்க என்ன செலவாகும் என்பதையும் கேள், அப்பா பாதி தருவாராம்.

அன்புடன்,
அம்மா