ஆவாரம்பூவும் ஆண் எலிகளும்

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் இருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரியும் லதாவும் 2002-இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசினைச் செலுத்தி எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கினார்கள். பிறகு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.45 கிராம் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை நன்றாக இறங்கியது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த கிளிபென்கிளமைடு மருந்தைவிடவும் பலன் கூடுதல்.

தமிழ் படித்தவளுக்கு இதில் பெருமை இருக்கத்தான் செய்யும். குறிஞ்சிப்பாட்டை எழுதியவர் கபிலர். ஆனால் அதில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறவள் தோழி. ஆவிரையும் அந்த வரிசையில் உண்டு. மனப்பாடத்துக்குப் பயப்படும் மாணவிகளிடம், இது காட்டில் பூப்பறித்த பெண்களின் அறிவு என்று சொல்லித்தான் அந்தப் பகுதியைத் தொடங்குவேன்.

அந்த அறிவு மாத்தூரில் எங்கள் வீட்டு அடுப்பிலும் கொதிக்கிறது. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்திலிருந்து அம்மா ஒரு பிடி அள்ளிப் போடுவாள். ஆய்வுக்கூடத்தில் பூவை நிறுத்து, வடிகட்டி, நீரை வற்றவைத்து, கிராமில் கொடுக்கிறார்கள். அம்மாவின் பிடிக்கு எடை கிடையாது. எலிக்குச் சாறு அல்லது மாத்திரை, அம்மாவுக்கு இரண்டும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோடு கஷாயமும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். “டாக்டர்கிட்ட கஷாயத்தப் பத்திச் சொன்னியாம்மா?” என்று கேட்டால், “சொன்னா திட்டுவாருடி” என்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருபடி மேலே போய், பூவை நம்பி மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இத்தகைய விலங்கு ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி முடிவைக் குழப்பும் என்பது நெடுங்காலக் காரணம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள்கூட 2016-இல்தான், விலங்கு ஆய்விலும் ஆண், பெண் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கச் சொல்லி விதியை நடைமுறைப்படுத்தின. எந்த உடல் குழப்பம் என்று ஒதுக்கப்பட்டதோ, அந்த உடலுக்குத்தான் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுகிறது. மாதவிடாய் நிற்கும்போது எடையும் சர்க்கரையும் மாறுகின்றன. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், சட்டியில் மிஞ்சிய சோற்றை நேரங்கெட்ட நேரத்தில் தின்பதும் அதே உடல்தான்.

பூவைத் தெய்வமாக்க வேண்டாம். பாட்டி வைத்தியம் என்று சிரிக்கவும் வேண்டாம். எலியோடு நிற்காமல் பெண்களிடமும், அவர்கள் சம்மதத்தோடு, நிறுத்து அளந்து சோதிக்கட்டும். அதுவரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. கஷாயம் குடிப்பதை மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. அதைச் சொல்கிற பெண்ணைத் திட்டாமல், “எவ்வளவு போடுறீங்க?” என்று மருத்துவர் கேட்டாலே ஆராய்ச்சியில் பாதி தொடங்கிவிடும்.