இரும்பில் ஒரு மரவேலி

பயிருக்கு வேலி காப்பு; வேலிக்குக் காப்பு யாது? உழவர் பெருமக்கள் நெடுங்காலமாக விடை தேடிவந்த வினா இது. முள்ளை வெட்டி அடைத்தால் ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். கிளுவையும் கள்ளியும் நட்டால் உயிர்வேலியாய்த் தழைக்கும். ஆயின், அடர்ந்து வளர ஆண்டுகள் பல வேண்டும். மரக்கால் நட்டுக் குறுக்குக் கழிகளைப் பிணைத்தால் கண்ணுக்கு இனிது. கறையானுக்கும் அஃது இனிது! 'வேலி' என்னும் சொல் சோழநாட்டில் நில அளவையின் பெயராகவும் வழங்கிற்று. நிலத்தின் அளவையும் அதன் காப்பையும் ஒரே சொல்லால் குறித்த மக்கள், வேலியை எளிய பொருளாக எண்ணியிருத்தல் இயலாது.

கிருட்டினகிரி மாவட்டத்தில், ஓசூருக்கு அருகில் உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் மூதறிஞர் இராசாசி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகின்றது. கருநாடக எல்லை அண்மையில் இருத்தலின், தமிழும் கன்னடமும் தெலுங்கும் அவ்வட்டாரத் தெருக்களில் கலந்து ஒலிக்கும். ஒருபால் கேழ்வரகுக் கொல்லைகளும் ரோசாத் தோட்டங்களும். மற்றொருபால் ஓசூரின் தொழிற்சாலைகள். இரும்பும் அம்மாவட்டத்திற்குப் புதியதன்று. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, கி.மு. 2172 அளவிலேயே அங்கு இரும்பு வழங்கியதெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் அறிவித்தது.

அவ்வூர்ப் பக்கத்தில் கருமார் ஒருவர் வாழ்ந்தார். கொழுவும் களைக்கொட்டும் அரிவாளும் அடித்து முதிர்ந்த கை அவருடையது. அவர் மகன் ஓசூரில் வெல்டிங் தொழில் பயின்று, தந்தையின் பட்டடைக்கு அருகிலேயே ஒரு கொட்டகை அமைத்துக்கொண்டான். ஒருநாள் ரோசாத் தோட்டம் உடைய முதியவர் ஒருவர் அவனிடம் வந்தார்.

"தம்பி, என் தோட்டத்தின் முன்புறம் 80 அடி. மரவேலியைக் கறையான் மூன்று முறை தின்றுவிட்டது. இனி இரும்பில் செய்து தா. ஆனால், பார்ப்பவர் கண்ணுக்கு அது மரமாகவே தோன்ற வேண்டும்" என்றார்.

"அப்படியே செய்து தருகிறேன், ஐயா" என்று அவன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டான்.

எட்டடிக்கு ஒரு கால் வீதம் 11 கால்கள். இரண்டு வரிசைக் குறுக்குக் கழிகள். இவ்வாறு கணக்கிட்டு, இரும்புக் குழாய்களை அறுத்தான். முதற் கால்கள் இரண்டில் உருகிய இரும்பைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக் கணுக்கள் அமைத்தான். தந்தை அவற்றை உற்று நோக்கி நகைத்தார்.

"தம்பி, இரண்டு மரத்திலும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் கணு! இப்படி வளரும் மரம் எந்தக் காட்டில் இருக்கிறது? இரும்பை விட்டுவிட்டு, முதலில் மரத்தைப் பார்த்துவிட்டு வா" என்றார்.

மகன் புறப்பட்டான். நாள்தோறும் கண்ட மரங்களையே அன்றுதான் முதன்முதலாகக் கண்டவன்போல் நோக்கினான். புளியின் பட்டை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கொய்யாவின் பட்டை வழுவழுப்பாக இருந்தது. தைல மரத்தின் பட்டையோ நீண்ட கீற்றுகளாக உரிந்து தொங்கியது. கிளை பிரியும் இடத்தில் மரம் சற்றுப் புடைத்திருப்பதையும், கிளை செல்லச் செல்லச் சிறுப்பதையும் அறிந்தான். அறுத்த பலகையில் ஓடும் வரிகள், பாறையைச் சூழ்ந்தோடும் ஆற்றுநீர்போலக் கணுவைச் சுற்றி வளைந்து செல்வதையும் கண்டான்.

மீண்டு வந்தபின் அவன் வேலை மாறிற்று. குழாயை வளைக்குமுன் அதனுள் உலர்ந்த மணலை நிரப்பினான். மணல் நிறைந்த குழாய், வளைக்கும்போது நசுங்காது. ஈர மணலாயின், உள்ளே நீராவி எழுந்து குழாய் வெடிக்கவும் கூடும். ஆதலின் மணலை முன்னரே வறுத்தெடுத்தான். குழாயைச் செந்நிறமாகக் காய்ச்சி, உளியால் பட்டையின் வரிகளைக் கீறினான். கால்களின் தலைப்பகுதியை மூடிய தகட்டில் ஆண்டு வளையங்களையும் வெடிப்புகளையும் பொறித்தான். இளம்பழுப்பு வண்ணம் பூசி, அதன்மேல் கரும்பழுப்பைத் தடவி, ஈரம் உலருமுன் துணியால் துடைத்தான். மேட்டில் இளநிறமும் பள்ளத்தில் கருநிறமும் தங்கின, இரும்பு மரமாயிற்று.

குறுக்குக் கழிகளைக் கால்களோடு இறுகப் பற்றவைக்க அவன் முற்பட்டபோது, தந்தை தடுத்தார். "வெயிலில் இரும்பு நீளும்; அதற்கு இடம் விடு" என்றார். எஃகு ஒரு மீட்டருக்கு, வெப்பம் ஒரு பாகை உயருந்தோறும், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்ட 12 கூறு நீளும். 80 அடி என்பது ஏறத்தாழ 24 மீட்டர். குளிர்ந்த வைகறைக்கும் காயும் நண்பகலுக்கும் இடையே இரும்பின் வெப்பம் 30 பாகை வேறுபட்டால், வேலி முழுவதும் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் நீளும். ஆதலின், தச்சன் துளையில் கழுந்தைப் பொருத்துவதுபோல, கால்களில் துளையிட்டுக் கழிகளைச் சற்றுத் தளர்வாகச் செருகினான்.

வேலி எழுந்தது. வழிச்செல்வோர் அதனைத் தட்டிப் பார்த்து வியந்தனர். முதியவரும் மகிழ்ந்து, பேசிய பணத்தைக் குறைவின்றிக் கொடுத்தார்.

ஒரு மழைக்காலம் கழிந்தது. வேறு வேலையாக அத்தோட்டத்திற்குச் சென்ற மகன், ஒரு காலின் அடியில் செந்நிறக் கறை வழிந்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டான். துளைகளின் வழியாக நீர் உட்புகுந்திருந்தது; வெளியேற வழியில்லை. வெளியே மரமாய் நின்ற கால், உள்ளே துருவாய்க் கரைந்துகொண்டிருந்தது. அடுத்த காலிலும் அதே நிலை. முதியவர் அதனை இன்னும் கண்டிலர்.

அன்றிரவு அவன் தந்தையிடம், "அப்பா, மேலே ஒருமுறை வண்ணம் பூசிவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குத் தெரியாது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

தந்தை சினம் கொள்ளவில்லை. "தம்பி, அவர் உன்னிடம் மரத்தின் தோற்றத்தை மட்டுமா கேட்டார்? இரும்பின் உறுதியையும் அல்லவா கேட்டார்? முதலாவதைக் கொடுத்துவிட்டாய், இரண்டாவதை இன்னும் கொடுக்கவில்லை" என்று மட்டும் கூறினார்.

மறுநாள் காலை மகன் முதியவரிடம் உண்மையை உரைத்தான். வேலியைக் கழற்றினான், துருவையும் வண்ணத்தையும் முற்றும் நீக்கினான், அரிப்புண்ட பகுதிகளை அறுத்தெறிந்து புதியன பொருத்தினான். ஒவ்வொரு காலின் மேலும் கீழும் சிறு துளை இட்டான். பின்னர், துத்தநாகம் தோய்க்கும் ஆலைக்கு அவற்றை அனுப்பினான். துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும். 450 பாகை அளவில் காய்ந்த அவ்வுருக்கில் இரும்பு மூழ்கி எழும். மூடிய குழாயை அதில் இட்டால் உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடித்துவிடும். அதனைத் தடுப்பதற்கு இட்ட துளையே, பின்னர் மழைநீர் வடியும் வழியுமாயிற்று. துத்தநாகத்தின் இயல்பு வியக்கத்தக்கது. மேற்பூச்சில் கீறல் விழுந்தாலும், அருகிலுள்ள துத்தநாகம் முதலில் தான் அழிந்து இரும்பைக் காக்கும். அதன்மேல் மீண்டும் வண்ணம் ஏறியது. முதலில் பெற்ற ஊதியம் முழுவதும் இதில் கரைந்தது.

ஒரு பொருளை மற்றொன்றுபோல் தோன்றச் செய்வது பொய்ம்மை ஆகாதோ என்று சிலர் ஐயுறலாம். உலகின் சிறந்த கலைப்படைப்புகள் சில இவ்வழியில் பிறந்தவையே. சாஞ்சிப் பெருந்தூபியைச் சூழ்ந்த கல்வேலி, மரவேலியின் அமைப்பையே பின்பற்றியது. அதன் தூண்களில் துளையிட்டு, மும்மூன்று குறுக்குக் கற்களைத் தச்சு முறையில் செருகியுள்ளனர். அங்குள்ள தெற்குத் தோரணவாயிலின் சிற்பவேலையை விதிசை நகரத்துத் தந்தவேலைக்காரர் செய்தனர் என்று கல்வெட்டு கூறுகின்றது. ஆவுடையார்கோயிலின் கொடுங்கையில் மரச்சட்டங்களும் ஆணிகளும் கல்லிலேயே அமைந்துள்ளன. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின்மேல் 1779ஆம் ஆண்டில் எழுப்பிய இரும்புப் பாலத்தின் உறுப்புகளையும், தச்சரின் கழுந்து முறையிலேயே இணைத்தனர். பிரான்சு நாட்டில் தோட்டக்காரராய் இருந்த மோனியே என்பவர், கம்பிவலை பொதிந்த காரையால் 1875ஆம் ஆண்டில் ஒரு பாலம் கட்டி, அதன் கைப்பிடி வேலியை மரக்கிளைபோல் அமைத்தார். புதிய பொருள், தனக்குமுன் இருந்த பொருளின் வடிவத்தைப் போற்றிக் கற்றுக்கொள்கின்றது. அதில் வஞ்சனை இல்லை. அழிந்துகொண்டிருக்கும் ஒன்றை உறுதியானதுபோல் காட்டுவதே வஞ்சனை.

மழைகள் சில பெய்து ஓய்ந்தன. கறை தோன்றவில்லை. ஒருநாள் தோட்டத்திற்கு வந்த கருமாருக்கு, வேலிக்கால் ஒன்றில் ஏறி அமர்ந்து தலையசைத்துக்கொண்டிருந்த ஓணானை முதியவர் சுட்டிக் காட்டினார். "வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே! இது மரம்தான் என்று அதுவே சொல்லிவிட்டது, பாருங்கள்" என்று கூறி நகைத்தார்.

கருமாரும் நகைத்தார். "ஐயா, வெளிப்புறத்திற்கு ஓணான் சாட்சி, உட்புறத்திற்கு என் மகன் சாட்சி" என்றார்.

சற்று அப்பால் நின்றிருந்த மகன், யாதொன்றும் பேசாமல் குனிந்து, ஒரு காலின் அடியிலிருந்த சிறு துளையில் அடைத்திருந்த மண்ணைக் குச்சியால் நீக்கிக்கொண்டிருந்தான்.